பூத்துப்போன கதவுகள்: மரச்சாமான்களில் பூஞ்சணம்

தமிழில் கேடுகளும் பூக்கும். சுவரில் உப்புப் பூக்கும். தணலில் நீறு பூக்கும். காத்திருந்து காத்திருந்து கண் பூத்துப்போகும். ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பிடித்தால் பீரோவின் முதுகிலும் பூஜை அலமாரியின் உள்தட்டிலும் கழிப்பறைக் கதவின் கீழ்ப்பாதியிலும் பூஞ்சணம் பூக்கும். அழகான வினைச்சொல்தான். ஆனால் நோயைப் பிரித்தறிய அது உதவாது. “கதவு பூத்துப்போச்சு” என்று ஒருவர் சொன்னால் அது குறைந்தது நான்கு வெவ்வேறு சங்கதிகளாக இருக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு. மரச்சாமான் பூஞ்சணத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி பலிக்காமல் போவதற்கு மருந்து பொய்யென்பது காரணமல்ல. நோயின் பெயர் தப்பு.

முதலாவது உப்பு. ஓதம் ஏறிய சுவரை ஒட்டி நிற்கும் நிலைக்காலின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் செங்கல்லும் காரையும் கக்கிய உப்புதான். விரலால் தேய்த்தால் நறநறக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்து காணாமல் போகும். பூஞ்சணம் கரையாது, இழுசும். இரண்டாவது, பாலீஷே வெளுத்துப்போவது. மழைநாளில் தின்னர் கலந்த லாக்கரை அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்ந்து காற்றின் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பால் தெளித்தது போன்ற ஒரு மூட்டம் அந்தப் படலத்துக்குள்ளேயே தங்கிவிடும். எவ்வளவு துடைத்தாலும் போகாது, ஏனென்றால் அது மேலே இல்லை. மூன்றாவது, கறுப்பு. ஆணியையும் திருகையும் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்திருந்தால் அது மை. துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால், கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல் கதவிலேயே நடக்கிறது. அதற்கு பிளீச்சிங் எடுபடாது. ஆக்சாலிக் அமிலம்தான் எடுக்கும். நான்காவதுதான் உண்மையான பூஞ்சணம்: சாம்பல், கறுப்பு, சில சமயம் பச்சை கலந்த புள்ளிகள், கூடவே அந்த மக்கிய வாடை. கறுப்பு வெறும் அழுக்கா பூஞ்சணமா என்ற சந்தேகத்துக்குப் பழைய, மலிவான சோதனை ஒன்று உண்டு. பெயின்ட் அடித்த பரப்பில் ஒரு சொட்டு பிளீச் திரவத்தை வைத்து ஓரிரு நிமிடம் பார்க்க வேண்டும். பூஞ்சணமானால் நிறம் வெளிறும். அழுக்கும் புகைக்கரியும் அப்படியே இருக்கும்.

பூஞ்சணம் மரத்தைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தின்பதில்லை. மரத்தின் உடலான செல்லுலோசையும் லிக்னினையும் உடைத்து உண்பவை வேறு பூஞ்சைகள். மரத்தை இற்றுப்போகச் செய்பவை அவை. பூஞ்சணமோ மேற்பரப்பில் கிடைப்பதை மேய்ந்து வாழும் ஜீவன்: தூசி, கைப்பிசுக்கு, சமையல் புகையின் எண்ணெய்ப் படலம், பெயின்டிலுள்ள எண்ணெய், மரத்தின் மேலணுக்களில் மிச்சமிருக்கும் சர்க்கரையும் மாவுச்சத்தும். உலகெங்கும் பெயின்ட் பரப்புகளைக் கறுக்கவைப்பதில் முன்னணியில் நிற்பது ஆரியோபசிடியம் புல்லுலான்ஸ் என்ற பூஞ்சை. வெயில், காய்ச்சல், மறுபடி நனைதல் எல்லாவற்றையும் தாங்கும். வெயிலில் சிதையும் பெயின்டின் துணுக்குகளே அதற்கு உணவு. வீட்டுக்குள் கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் ஆகியவை சேர்ந்துகொள்ளும். இவற்றின் வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் எந்நேரமும் இருக்கின்றன. “எங்கிருந்து வந்தது?” என்று கேட்பது வீண். எது அதை முளைக்கவிட்டது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே பதில், நீர்.

எவ்வளவு நீர் என்பதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்கலாம். மரம் காற்றோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்தும் பொருள். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருந்தால், மரம் தன் காய்ந்த எடையில் ஏறக்குறைய 12 விழுக்காடு நீரைப் பிடித்து வைத்திருக்கும். 80 ஆனால் 16. 90 ஆனால் 20. மரம் இற்றுப்போக வேண்டுமானால் அதன் இழைகள் நிறையுமளவு, அதாவது 28 முதல் 30 விழுக்காடு வரை ஈரம் ஏற வேண்டும். பூஞ்சணத்துக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். பரப்பை ஒட்டிய காற்றில் 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதம் சில நாள் நின்றால் போதும். ஆகவே பூஞ்சணம் என்பது இற்றுப்போவதற்கு முன்னால் வரும் ஓலை. கதவில் கறுப்புப் புள்ளி தென்பட்டால் முதலில் எடுக்க வேண்டியது துணியல்ல, ஒரு ஸ்குரூடிரைவர். நிலைக்காலின் அடியில் அழுத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால் பேச்சு பூஞ்சணத்தைப் பற்றியதல்ல. தச்சரைக் கூப்பிட வேண்டியதுதான்.

“பரப்பை ஒட்டிய காற்று” என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். கூடத்தில் மாட்டிய ஈரமானி 75 காட்டலாம். பீரோவின் பின்புறம் அதே நேரத்தில் 95 இருக்கலாம். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் கொண்ட காற்றை எடுத்துக்கொள்வோம். அது 26 டிகிரிக்குக் குளிர்ந்தால் பனித்துளியாக வடிய ஆரம்பித்துவிடும். வெளிச்சுவர் மழையில் ஊறிக் குளிர்ந்திருக்க, அதை ஒட்டி அலமாரியைத் தள்ளிவைத்தால் இடையில் அகப்பட்ட காற்றுக்கு நேர்வது இதுதான். ஏசி வந்தபின் இன்னொரு இடமும் சேர்ந்தது. அறைக்குள் 24 டிகிரி. வெளியே கூடத்தில் புழுக்கம். இடையில் நிற்கும் கதவின் வெளிமுகம் 28க்கு இறங்கினாலே அதை ஒட்டிய ஈரப்பதம் 90ஐ நெருங்கிவிடும். குளிரும் அறையின் உள்ளே கதவு சுத்தமாக இருக்க, கூடத்துப் பக்கம் மட்டும் பூத்திருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

அடுத்தது தீனி. இதில் நம் வீடுகளுக்கே உரிய சில வழக்கங்கள் உண்டு. ஆயுத பூஜைக்கோ பொங்கலுக்கோ முன்னால் கதவுகளுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவற்றில் ஒன்று. அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் காயும் எண்ணெய் அல்ல. ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு கூடி இறுகிப் படலமாகும். அந்தக் குணத்தைக் காட்டும் அயோடின் எண் அதற்கு 170க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கு அது 10ஐச் சுற்றித்தான். எத்தனை மாதமானாலும் அது பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், தூசியைப் பிடிக்கும். அடுத்த மழைக்குப் பூஞ்சணத்துக்கு இலைபோட்டு விருந்து. நல்லெண்ணெயும் வேப்பெண்ணெயும் ஓரளவு மேல், ஆனாலும் முழுதாகக் காயாதவை. வேப்பெண்ணெய் கசப்பென்பதால் பூஞ்சை அண்டாது என்ற நம்பிக்கையில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். பளபளப்புக்காக மெத்தப் பூசி வைத்தால் அந்தக் கொஞ்சமும் பிசுக்கில் போய்விடும். காய்ந்த ஆளிவிதை எண்ணெயும் குற்றமற்றதல்ல. வெளிப்புறத்தில் எண்ணெய்ப் பெயின்ட் அக்ரிலிக்கைவிடச் சீக்கிரம் கறுப்பதற்கு அதிலுள்ள எண்ணெயே காரணம்.

பூஜை அலமாரி தனிக்கதை. விளக்கெண்ணெயின் ஆவி, ஊதுவத்திப் புகை, விபூதித் தூள், ஈரப் பூ, மூடிய கதவு. பூஞ்சணத்துக்கென்றே திட்டமிட்டாலும் இதைவிட நல்ல இடம் கட்ட முடியாது. வாடிய பூவை அன்றன்றே எடுத்துவிட்டு, அலமாரிக் கதவில் நாலு துளை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மரத்தின் ஜாதியும் ஒரு காரணம். தேக்கின் வைரப்பகுதியில் இயற்கையாகவே பூஞ்சைக்கு ஆகாத சத்துகள் உண்டு. அதே தேக்கின் வெளிறிய வெளிப்பகுதியில் அவை இல்லை. இன்றைய மலிவுச் சாமான்களில் வைரமும் வெளிறும் கலந்தே வருகின்றன. ஒரே கதவில் ஒரு பலகை மட்டும் வரிசையாகக் கறுத்திருப்பதைப் பார்க்கலாம். அது வெளிறுப் பலகை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அறுத்த சில நாட்களிலேயே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்காவிட்டால் நீலமும் கறுப்பும் ஏறிவிடும். பிளைவுட் அலமாரியில் வெளிமுகம் கண்ணாடியாக மின்னும், பின்முகமோ வெறும் மரமாக நிற்கும். பூப்பது பின்னால்தான்.

இனி எடுப்பது. எந்த மருந்து என்பதற்கு முன்னால் எந்தப் பூச்சு என்று தெரிய வேண்டும். ஒரு பூச்சுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம். இதில் அதிகம் நாசமாவது பழைய அரக்கு பாலீஷ். தாத்தா காலத்து ரோஸ்வுட் நாற்காலியில் பூஞ்சணம் கண்டதும் கையிலிருக்கும் சானிடைசரை எடுத்துத் துடைக்கிறவர்கள் உண்டு. பூஞ்சணம் போகும், பாலீஷும் சேர்ந்து துணியில் வந்துவிடும். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் அந்த பாலீஷையே செய்தார்கள். எதில் கரைந்ததோ அதில் மறுபடி கரையும். சோடாவும் போராக்ஸும் அம்மோனியாவும் அரக்கைக் கரைக்கும். தண்ணீர் தேங்கினால் வெள்ளை வளையம் விழும். ஆகவே அரக்கு பாலீஷுக்கு மென்மையான சோப்பை மிகக் குறைந்த நீரில் கலந்து, துணியை முறுக்கிப் பிழிந்து, ஒரு கை துடைத்த கையோடு காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். பிசுக்கு மிச்சமிருந்தால் மினரல் டர்பன்டைன் தொட்ட துணி. அது அரக்கைக் கரைக்காது. கறுப்பு பாலீஷுக்கு அடியிலேயே இறங்கியிருந்தால் மேலே தேய்த்துப் பயனில்லை. அப்போது அரக்கின் பலவீனமே பலமாகிறது. ஸ்பிரிட்டால் பழைய பூச்சைக் கழுவி எடுத்துவிட்டு, மரத்தைக் காயவைத்துப் புதிதாக பாலீஷ் ஏற்றலாம்.

எனாமல் பெயின்ட் அடித்த கதவுகளும் ஜன்னல்களும் முரட்டுப் பிள்ளைகள். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் பெரும்பாலும் போதும். சலவைச் சோடாவைக் கெட்டியாகக் கரைத்துத் தேய்க்கக்கூடாது. எண்ணெய்ப் பெயின்டை அது சோப்பாகவே மாற்றி மெழுகுபோல் இளக்கிவிடும். பி.யூ., மெலமைன் பாலீஷ்கள் இன்னும் கெட்டி. சோப்பு, நீர் கலந்த வினிகர், மறைவான மூலையில் பரீட்சித்துப் பார்த்த பின் ஸ்பிரிட்டால் ஒரு வேகத் துடைப்பு, எதையும் தாங்கும். வினிகரைப் பற்றிக் குடும்பக் குறிப்புகள் சொல்வதுபோல் அது சர்வரோக நிவாரணி அல்ல. சில பெனிசிலியங்களை அடக்கும் வினிகர் சில ஆஸ்பெர்ஜில்லஸ்களை அசைப்பதில்லை. பூச்சே இல்லாத பின்பலகையில் பூஞ்சணம் வேர்போல் உள்ளே இறங்கியிருக்கும். அங்கே துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் ஒரு பூச்சும் கொடுத்தால்தான் வேலை முடியும்.

எந்தப் பூச்சானாலும் ஒன்று பொது: காய்ந்த துணியால் தட்டாதீர்கள், காய்ந்த பிரஷால் தேய்க்காதீர்கள். அப்படிச் செய்தால் கோடிக்கணக்கான வித்துகளை வீடு முழுக்கத் தூவிவிட்டு, கொஞ்சத்தை நாமும் மூச்சில் இழுப்போம். முடிந்தால் சாமானை வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் எடுத்து, அந்தத் துணியைத் துவைக்காமல் பையில் கட்டி எறிவது நல்லது. பிறகு நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவைக்க வேண்டும். பாலீஷ் போட்ட சாமானை உச்சி வெயிலில் நிறுத்தினால் பூஞ்சணம் போகும், வெனீரும் பெயர்ந்து வரும்.

பிளீச் விஷயத்தில் நிபுணர்களே இரண்டு கட்சி. அமெரிக்காவின் மாடிசனிலுள்ள வனப்பொருள் ஆய்வகம், வெளிப்புறப் பெயின்ட் பரப்புகளுக்குப் பல்லாண்டுகளாகப் பரிந்துரைத்தது ஒரு எளிய கலவை: 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கொண்ட வீட்டு பிளீச் ஒரு பங்கு, வெந்நீர் மூன்று பங்கு, சிறிது டிட்டர்ஜென்ட். பூசிச் சில நிமிடம் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அதே நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோ, பூஞ்சணத்தை எடுக்க பிளீச்சை வாடிக்கையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும். கொல்வதல்ல, அகற்றுவதே வேலை என்பது அதன் வாதம். இரண்டுக்கும் இடையில் எனக்கு முரண் தெரியவில்லை. முதலாவது மழையில் நிற்கும் வெளிச்சுவர்ப் பலகையைப் பற்றியது, இரண்டாவது மனிதர் உறங்கும் அறையைப் பற்றியது. வெளிக்கேட்டுக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் பிளீச் சரி. வீட்டுக்குள் வார்னிஷ் போட்ட மரத்துக்கு அது தேவையில்லை. நிறத்தை வெளிறச் செய்யும், மர இழையைப் பஞ்சாக்கும், கறை மறைந்ததும் வேலை முடிந்ததென்ற பிரமையைத் தரும். ஓர் எச்சரிக்கையை மட்டும் கத்திச் சொல்ல வேண்டும். பிளீச்சையோ பிளீச்சிங் பவுடரையோ கழிப்பறை ஆசிடோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடு சேர்த்தால் குளோரமின். இரண்டும் நுரையீரலைப் பொசுக்குபவை. கழிப்பறைக் கதவைத் துடைக்கிறவர் கையில் இந்த இரண்டு டப்பாக்களும் ஒரே நேரத்தில் இருப்பது நம் வீடுகளில் அபூர்வமல்ல.

பூஞ்சையைப் பூச்சுக்குள்ளேயே விஷம் வைத்துத் தடுக்கும் ஆசை பழையது. 1880களில் பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் சாலையோரக் கொடிகளைத் திருடர் தொடாதிருக்கத் துருசும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் அண்டாததைக் கவனித்த தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே 1885இல் அதை மருந்தாக அறிவித்தார். நம் காப்பித் தோட்டங்களிலும் பாக்குத் தோப்புகளிலும் இன்றும் அடிக்கப்படும் போர்டோ கலவை அதுதான். துருசிலுள்ள செம்பின் அந்தக் குணத்தை மரத்துக்குக் கொண்டுவந்ததில் ஓர் இந்தியப் பெயர் முக்கியம். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து மரத்துக்குள் தங்கும் ஒரு காப்புக் கலவையைக் கண்டுபிடித்தார். மின்கம்பங்களும் வேலிக்கால்களுமாக அது உலகம் சுற்றியது. பிறகு ஆர்சனிக் கசிவு பற்றிய கவலை வலுத்தது. 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டுத் தளங்களுக்கும் குழந்தைகள் விளையாடும் சட்டங்களுக்குமான மரத்தில் அதன் பயன்பாடு கைவிடப்பட்டது.

பெயின்டின் கதை இதைவிடக் கசப்பு. நீர் கலந்த பெயின்டுகள் கெடாமலும் பூக்காமலும் இருக்கப் பாதரசச் சேர்மங்களை அவற்றில் கலந்துவந்தார்கள். 1989இல் மிச்சிகன் மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கால்வலி, தோல் உரிதல், ஓயாத வியர்வை. மருத்துவர்கள் பாதரச நஞ்சென்று கண்டார்கள். அவன் வீட்டின் உட்புறத்துக்கு 64 லிட்டர் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஏசி ஓடியதால் ஜன்னல்களைத் திறக்கவில்லை. மறு ஆண்டே அந்நாட்டில் உட்புறப் பெயின்டில் பாதரசம் தடைசெய்யப்பட்டது. பூஞ்சணத்தைத் தடுக்கச் சேர்த்த பொருளை நஞ்சாக்கியது, பூஞ்சணத்தை வளர்க்கும் அதே மூடிய ஜன்னல் என்பது இந்தக் கதையில் என்னை விட்டு அகலாத விவரம்.

இப்போது சேர்ப்பவை அயோடின் கொண்ட ஐ.பி.பி.சி., துத்தநாக ஆக்சைடு, ஜிங்க் பைரிதியோன் போன்றவை. கடைசியாகச் சொன்னது பொடுகு ஷாம்பூவில் இருந்து பலருக்கு அறிமுகமானதே. தலையில் பூப்பதும் ஒரு பூஞ்சையால்தானே. இவை நல்ல உதவி. ஆனால் இவை வேலை செய்வதே படலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்துதான். ஒவ்வொரு மழையும் கொஞ்சத்தைக் கழுவிப்போகும், சில ஆண்டில் தீரும். டப்பாவில் ‘ஆன்ட்டி ஃபங்கல்’ என்று எழுதியிருப்பது ஆயுள் காப்பீடு அல்ல. பூத்த பரப்பைத் துடைக்காமல் அதன்மேல் அடித்தால் எந்த மருந்தும் பயன் தராது. “மேலே ஒரு கோட் போட்டா மறைஞ்சிடும் சார்” என்ற வாக்கு அடுத்த மழைவரைதான் செல்லும். அடியில் உயிரோடிருப்பது புதிய படலத்தைத் துளைத்துக்கொண்டு வரும்.

தடுப்பதில் முதல் சங்கடம் நம் பஞ்சாங்கம். தமிழ்நாட்டில் பெயின்ட் வேலை குவிவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால். வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில். ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருக்கையில் அடிக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் பொது விதி. ஐப்பசி மாதத்தில் அந்த விதியைப் பார்த்தால் பெயின்டர் பட்டினிதான். மரம் 15, 16 விழுக்காடு ஈரத்தை உள்ளே வைத்திருக்கும்போது மேலே இறுக்கமாகப் பூசினால் அந்த ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்பளமாகும். மாசி, பங்குனியில் செய்யும் வேலை இரண்டு மடங்கு உழைக்கும், கூலியும் பேசிக்கொள்ளலாம். வெள்ளத்துக்குப் பின் இது இன்னும் கடுமை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஊறிய கதவுகளைப் பொங்கலுக்குள் புதுப்பிக்க நினைப்பது அவசரம். தண்ணீர் வடிந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும். பெயின்ட் அடிக்க மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, காற்று. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை இரண்டு பருவமழையையும் பார்க்கும் குமரி மாவட்டத்தில் மரத்தாலேயே நிற்கிறது. அதன் சுவர்கள் பல இடங்களில் சுவரே அல்ல, சாய்வுப் பட்டிகள் வைத்த மரச்சல்லடை. மழை உள்ளே வராது, காற்று நிற்காது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குக்குக் குறைவில்லை. முகப்பிலிருந்து பின்கட்டுவரை நேர்கோட்டில் திறந்த கதவுகளும் நடுவில் வானம் பார்த்த முற்றமும் அந்தத் தேக்கை உலர வைத்தன. அவற்றில் பல வருடத்துக்குச் சில நாட்களே திறக்கப்படும் வீடுகளாகிவிட்டன. மரத்தின் தரம் மாறவில்லை, திறப்பாரில்லை. நகரத்து அடுக்ககத்தில் முதலில் பலியானது உத்தரத்தை ஒட்டிய வென்டிலேட்டர். ஏசிக் குளிர் போகாதிருக்க அதை அடைத்தோம். மழைநாளில் துணியையும் வீட்டுக்குள்ளேயே காயப்போட்டு ஒன்றிரண்டு லிட்டர் நீரை அறைக்குள் விட்டோம். வெளிச்சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நாலு விரல் இடம், சமையலறையிலும் குளியலறையிலும் வெளியேற்றும் விசிறி, மழை விட்ட மத்தியானத்தில் எதிரெதிர் ஜன்னல்களை ஒருமணி நேரம் திறத்தல். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. மழை ஓயாத நேரத்தில் ஜன்னலைத் திறப்பது மட்டும் கூடாது. வெளியே 95 இருக்கும்போது திறந்தால் உள்ளே அழைத்த மாதிரி.

ஈரத்தை உறிஞ்சும் கைமருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக: அடுப்புக்கரி வாடையை வாங்கும், ஈரத்தைப் பெரிதாக வாங்காது. கால்சியம் குளோரைடு டப்பாக்கள் மூடிய அலமாரியில் உண்மையாகவே வேலை செய்யும், தண்ணீர் நிறைந்ததும் கொட்டிவிட வேண்டும். சிலிக்கா ஜெல் வீணைப் பெட்டிக்கும் கேமராப் பெட்டிக்கும் நல்லது. வீணையின் பலா மரக் குடத்தில் விரல் படும் இடங்களை ஒவ்வொரு சாதகத்துக்குப் பின்னும் துடைத்துவைக்கும் பழக்கம் அதைவிட நல்லது. கற்பூரமும் அந்துருண்டையும் பூச்சிக்கு. மலையூர்களில் புத்தக அலமாரிக்குள் ஒரு சிறு குண்டு பல்பு எரியவிடுவார்கள். உள்வெப்பம் இரண்டு மூன்று டிகிரி ஏறினாலே ஈரப்பதம் கணிசமாக இறங்கும். எல்.ஈ.டி. வந்தபின் அந்த வித்தை போயிற்று, அதில் சூடில்லை. கடலோரத்தில் மரப்படகுகளுக்கு முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெயும் மீனெண்ணெயும் பூசும் வழக்கம் உண்டு. முந்திரி எண்ணெயிலுள்ள ஃபீனால் வகைகள் பூஞ்சைக்கு ஆகாதவை. படகுக்கு அது சரி. கூடத்துக் கதவுக்குப் பூசினால் கறுப்பும் வாடையும் தாங்காது, கையில் பட்டால் புண்ணாகும்.

மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு கதவுக்கு ஆறு முகங்கள். நாம் காசு கொடுத்துப் பூசுவது இரண்டுக்கு, பார்வையில் படும் ஓரங்களையும் சேர்த்தால் நாலுக்கு. மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் வெறும் மரமாகவே நிற்கும். செங்குத்துச் சட்டங்களின் இழைகள் வெட்டுண்டு வாய் திறந்து நிற்பது சரியாக அங்கேதான். மரம் தண்ணீரைக் குடிப்பதில் வெட்டுமுகத்துக்கு நிகரில்லை. வாசல் தெளிக்கும் தண்ணீர், தரை துடைக்கும் தண்ணீர், குளியலறையின் சிதறல் எல்லாம் கீழ்விளிம்பு வழியாக ஏறிப் பெயின்டுக்குப் பின்னாலிருந்து பூஞ்சணத்துக்கு நீர் வார்க்கும். கதவின் அடியிலிருந்து முழங்கால் உயரம்வரை மட்டும் கறுப்பு ஏறியிருந்தால் காரணம் இதுதான். கதவைக் கழற்றாமல் அங்கே பிரஷ் போகாது. கழற்றி மாட்ட ஓர் ஆள், அரை நாள் கூலி. அதனால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் எப்படி என்று தெரிய வேண்டுமானால், செல்பேசியின் கேமராவை மேல்நோக்கி வைத்துக் கதவுக்கு அடியில் நுழைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.